அடையாற்றுச் சேற்றில் படியும் மருந்து

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார் தயாராகிறது. கைப்பேசி, டயர், கண்ணாடி என்று பட்டியல் நீளும். மருந்துக்குப் பெயர்போன இடம் அதுவல்ல. ஒரகடத்தில் அரசு அமைத்துவரும் புதிய பூங்காவும் மருத்துவக் கருவிகளுக்கானதே. அதனால் மருந்து மாசு என்று பேச்செடுத்தால் ஐதராபாத் நினைவுக்கு வரும். கடலூர் சிப்காட் வரும். திருப்போரூரை அடுத்த ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை வரும். ஸ்ரீபெரும்புதூர் வராது.

வர வேண்டும். மருந்து ஆற்றுக்குப் போவது ஆலைக் குழாய் வழியாக மட்டுமல்ல. அதைவிட அகலமான வழி ஒன்று உண்டு: மனித உடல். பல்லாயிரக்கணக்கானோர் நெருங்கி வாழும் தொழில் வட்டாரம் எதைத் தயாரித்தாலும், அதன் கழிவுநீரில் மருந்து இருக்கும்.

அடையாறு பிறப்பது இந்தப் பக்கத்தில்தான். மணிமங்கலம் அருகே மலைப்பட்டு, ஆதனூர் ஏரிகளின் உபரிநீரில் தொடங்கி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரியையும் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடி, சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கும் இடையே கடலில் கலக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டபோது இந்த நீர்வழி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பது சென்னை முழுவதற்கும் தெரிந்தது. மழையில்லாத மாதங்களில் அதே ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த மகளிர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு சிப்காட் கட்டியது. 2021 டிசம்பரில் வேறொரு விடுதியின் சாப்பாட்டால் உடல்நலம் கெட்ட தோழிகளுக்காகப் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியதை நினைத்தால், இப்படியொரு கட்டடம் எழுந்தது பெரிய முன்னேற்றம். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரே வளாகத்தில் இருக்கிறது. அதற்கு வெளியே சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் தனி. அங்கே செப்டிக் டேங்க். நிரம்பினால் கழிவுநீர் லாரி.

நாள் முழுக்க நின்று வேலை செய்பவர் முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக் போடுகிறார். மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அமிலம். சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக். ஊரில் இருக்கும் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை, அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை. இதில் குற்றம் ஏதுமில்லை. மருந்து தேவைப்படுகிறவர் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் விழுங்கிய மருந்து முழுவதும் உடலிலேயே கரைந்து முடிவதில்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் ஏறக்குறைய அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினில் பாதிக்குக் கிட்டத்தட்ட மாறாமல் வெளியேறும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பாராசிட்டமாலைப் பெரும்பாலும் சிதைத்துவிடுகிறது, டைக்ளோஃபினாக்கை ஓரளவுக்கு. வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைனை ஏறத்தாழ எதுவுமே செய்வதில்லை. அந்த நிலையங்கள் மலத்தையும் உணவுக்கழிவையும் செரிக்கக் கட்டப்பட்டவை. மருந்து மூலக்கூறுகள் அவற்றின் கணக்கிலேயே இல்லை.

சென்னையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இத்தகைய வேதிப்பொருள்கள் எவ்வளவு நுழைகின்றன, எவ்வளவு தப்பிப் போகின்றன என்று ஐ.ஐ.டி. மெட்ராஸும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. அதற்கு முன்பே, 2011இல், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் கார்பமாசெபைனைத் தேடி ஆராய்ந்தார்கள். 2014இல் அதே ஆறுகளில் வலிநிவாரணிகளை. 2021இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் லிகி பிலிப் குழு காவிரி நெடுக எடுத்த நீர்மாதிரிகளில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அட்டினலால், கார்பமாசெபைன், சிப்ரோஃப்ளாக்சசின் இருப்பதைச் சொன்னது. நாளிதழ்களில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. பேச்செல்லாம் குடிநீரைப் பற்றி. ஆறு கடைசியில் எங்கே போகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

ஆறு கடலைத் தொடும் இடத்தில் நடப்பது இது. ஆற்றுநீரில் மிதந்து வரும் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கியபடியே வருகின்றன, அதனால்தான் மிதக்கின்றன. உப்புநீர் பட்டதும் அந்த விலக்கம் போய்விடுகிறது. துகள்கள் திரளுகின்றன, கனக்கின்றன, கீழே படிகின்றன. அவற்றோடு ஒட்டிக்கொண்ட மருந்தும் படிகிறது. எல்லா மருந்தும் ஒட்டாது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளும், கால்நடைகளுக்குப் பூச்சிமருந்தாகத் தரும் ஐவர்மெக்டினும் களிமண்ணை இறுகப் பிடித்துக்கொள்பவை. டைக்ளோஃபினாக் வெயில் பட்டால் விரைவில் சிதைந்துவிடும். சேற்றுக்குள் வெயில் போவதில்லை. சில அங்குலம் கீழே போனால் காற்றும் இல்லை. மேலே ஓடும் நீரைச் சோதித்து ‘அளவு குறைவு’ என்று எழுதும் அறிக்கை, கீழே ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டிருப்பதைப் பார்ப்பதேயில்லை. அடையாற்று முகத்துவாரம் ஆண்டின் பல மாதங்கள் மணல்திட்டால் பாதி அடைபட்டுக் கிடப்பது. படிந்தது வெளியேற அடுத்த பெருமழை வர வேண்டும். வந்தால், அது கடலடிக்குப் போகும்.

அந்தச் சேற்றில் யார் இருக்கிறார்கள்? கடலுயிர் ஆய்வாளர்கள் படகிலிருந்து இரும்புக் கவ்வி ஒன்றைக் கயிற்றில் இறக்குவார்கள். தரையைத் தொட்டதும் அதன் இரண்டு தாடைகளும் மூடிக்கொண்டு, ஒரு பிடி சேற்றோடு மேலே வரும். அதை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கொட்டிக் கடல்நீர் ஊற்றி அலசுவார்கள். கருப்புக் குழம்பு கரைந்து போன பின் சல்லடையில் கிளிஞ்சல் துண்டுகளும், மட்கிய இலையும், மூச்சுவிடுவது போல் அசையும் சில இழைகளும் மிஞ்சும். இழைகள்தான் பாலிகீட் எனப்படும் சுணைப்புழுக்கள். கூடவே பொடி மட்டி, பக்கவாட்டில் நெளிந்தோடும் ஆம்ஃபிபாட். சல்லடையைத் தாண்டி வழிந்ததை இன்னும் நுண்ணிய, மில்லிமீட்டரில் 16இல் ஒரு பங்கு கண்ணுள்ள வலையில் பிடித்து, ரோஸ் பெங்கால் சாயம் கலந்தால், உயிரோடு இருந்தவை மட்டும் இளஞ்சிவப்பாக நிறமேறும். நுண்ணோக்கியில் அந்தச் சிவப்புப் புள்ளிகளை எண்ணுவார்கள். உருளைப்புழுக்களே பெரும்பாலும். வளமான சேற்றில் ஓர் உள்ளங்கையளவு இடத்திலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தில் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. மருந்தைத் தேடிய மூன்று ஆறுகளில் வெள்ளாறும் ஒன்று என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த உயிர்கள் சேற்றைத் தின்று சேற்றைக் கழிக்கின்றன. வளை தோண்டி நீரை உள்ளே இழுக்கின்றன. அந்த வளை வழியாகத்தான் காற்று சேற்றுக்குள் இறங்குகிறது. காற்று இறங்கும் இடத்தில் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட் ஆக்குகிறது. காற்றில்லாத அடுத்த அடுக்கில் வேறொரு வகை அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. கழிவுநீர் சுமந்து வரும் நைட்ரஜனை முகத்துவாரம் இலவசமாகச் சுத்திகரிப்பது இப்படித்தான். புழு குறைந்தால் வளை குறையும். வளை குறைந்தால் சேறு அழுகும். இதையெல்லாம் விட நேரடியான கணக்கும் உண்டு: கிழங்கான் தின்பது சுணைப்புழுவை, மடவை மேய்வது சேற்றின் மேற்பரப்பை, இறாலும் நண்டும் பிழைப்பது இவற்றை நம்பி. பிச்சாவரத்தில் இருளர்கள் சேற்றில் கைவிட்டுத் துழாவித்தான் இறால் பிடிக்கிறார்கள்.

மனிதனுக்குச் செய்த மருந்து புழுவை ஏன் பாதிக்க வேண்டும்? உடலுக்குள் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் மிகப் பழையவை. மனிதனுக்கும் புழுவுக்கும் மட்டிக்கும் பல பொதுவானவை. செரட்டோனின் அவற்றில் ஒன்று. மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவோக்செட்டின் மனித மூளையில் செரட்டோனினின் போக்குவரத்தை மாற்றுகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாஸ்மின் குலர், அலெக்ஸ் ஃபோர்டு இருவரும் அதே மருந்தைக் கழிமுக ஆம்ஃபிபாட் ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்து 2010இல் எழுதினார்கள். அவர்களுக்கு அந்த யோசனையைத் தந்தது ஓர் ஒட்டுண்ணி. அது ஆம்ஃபிபாடின் உடலுக்குள் புகுந்து செரட்டோனினைக் குலைத்து, இருட்டில் பதுங்க வேண்டிய உயிரை வெளிச்சத்துக்கு நீந்த வைத்து, பறவைக்கு இரையாக்குகிறது. மருந்தும் அதையே செய்தது. லிட்டருக்கு 100 நானோகிராம் அளவில் மருந்துபட்டவை வெளிச்சத்தை நோக்கிப் போக ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது.

லிட்டருக்கு 100 நானோகிராம் என்பது ஒரு கிராம் மருந்தை ஒரு கோடி லிட்டரில் கரைத்த அளவு. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஆயிரம் வேண்டும் அதற்கு. அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: மருந்தின் அளவைக் கூட்டக் கூட்ட விளைவு கூடவில்லை. குறைந்த அளவில் தெரிந்த மாற்றம் மிக அதிக அளவில் தெரியவில்லை. ஆகவே ‘இவ்வளவுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை’ என்று ஒரு கோடு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அதே ஆண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் பால்டிக் கடலின் நீலமட்டிகளுக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ப்ராப்ரனலால் கொடுத்துப் பார்த்தார்கள். பாறையைப் பற்றிக்கொள்ள மட்டி நூற்கும் இழைகளின் பிடிப்பு தளர்ந்தது. அங்கே பயன்படுத்திய அளவுகளில் சில, கடலில் காணப்படுவதைவிட மிக அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் சோதனைக்கூடம்கூடத் தேவைப்படவில்லை. சால்மன் பண்ணைகளில் மீன்பேனைக் கொல்லத் தீவனத்தில் கலக்கும் எமமெக்டின் பென்சோயேட், பண்ணைகளைத் தாண்டியும் கடலடியில் பரவியிருப்பதை அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை தன் சொந்த ஆய்வில் கண்டது. பேன் ஓட்டுடலி இனம். கடலடியின் ஆம்ஃபிபாடும் நண்டுக்குஞ்சும் அதே இனம். மருந்துக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

‘கடல் பெரிது, கரைந்துவிடும்’ என்ற பதிலை இந்தியா ஏற்கெனவே ஒருமுறை நம்பி ஏமாந்தது, வானத்தைப் பார்த்து. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. தொண்ணூறுகளில் தொடங்கி அந்த இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. காரணம் 2004இல் உறுதியானது. 2006இல் கால்நடை மருந்தாக அதற்குத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போட்டதால் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்த வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் முடிவை உறுதிசெய்தது. கழுகு பெரிய பறவை. இல்லாமல் போனால் தெரிகிறது. சுணைப்புழு இல்லாமல் போனால் தெரியாது. மீனவர் ‘முன்பு போல் மீன் இல்லை’ என்பார். காரணம் கேட்டால் நூறு சொல்லலாம், எல்லாமே ஓரளவு உண்மையாகவும் இருக்கும்.

ஆலைக் கழிவின் பக்கம் நிலைமை இன்னும் கொடியது. ஐதராபாத் அருகே படான்செருவில் சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் ஸ்வீடனின் யோவாகிம் லார்சன் குழு வெளியிட்டது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம். ஒரு நாளில் வெளியேறியது ஏறத்தாழ 45 கிலோ. ஸ்வீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் சாப்பிடும் அளவு. ஓடைச் சேற்றில் மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் குவிந்திருந்ததை 2011இல் அதே குழு காட்டியது. அந்த முதல் ஆய்வு வெளியாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில், மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளுக்கு ஆலைக் கழிவில் வரம்பு விதிக்கும் வரைவை வெளியிட்டது. உலகில் எந்த நாடும் அப்படிச் செய்திருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்தப் பட்டியல் அதில் இல்லை. இது வெறும் தாமதமல்ல, பின்வாங்கல். உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் தயாரிப்புக் கழிவுக்கான வழிகாட்டுதலை 2024 செப்டம்பரில் வெளியிட்டபோது, இந்தியா தன் பழைய வரைவைத் தூசிதட்டி எடுத்திருக்க வேண்டும்.

இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் மருந்து ஆலை விதியில் உயிரைப் பற்றிய சோதனை ஒன்று உண்டு. கழிவுநீரில் மீனை விட்டு, 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடு இருந்தால் போதும். நான்கு நாள் சாகாமல் இருப்பது வேறு. நான்கு மாதம் அந்தச் சேற்றையே தின்று, இனம்பெருக்கி, பகைக்குத் தப்பிப் பிழைப்பது வேறு. வெளிச்சத்துக்கு நீந்திப்போன ஆம்ஃபிபாட் இந்தத் தேர்வில் தேறிவிடும். குடியிருப்புக் கழிவுநீருக்கு இந்த அளவுகூட இல்லை, பி.ஓ.டி., சி.ஓ.டி. என்ற ஆக்சிஜன் தேவை அளவுகள், மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி, நைட்ரஜன், பாஸ்பரஸ், அத்தோடு சரி. இன்னொரு பக்கம் பாருங்கள். பண்ணை இறாலை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் நைட்ரோஃபியூரான் போன்ற ஆன்டிபயாடிக்கின் சுவடுகூட இருக்கிறதா என்று சோதிக்கிறோம். ஆய்வகம் இருக்கிறது, ஆளிருக்கிறது, கருவி இருக்கிறது. வெளிநாட்டுத் தட்டுக்குக் காட்டும் அக்கறையை முகத்துவாரச் சேற்றுக்கு ஏன் காட்டக்கூடாது?

ஸ்ரீபெரும்புதூருக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இந்தியாவின் பிற தொழில் வட்டாரங்கள் பொறாமைப்படும் ஒன்றை அது ஏற்கெனவே பெறுகிறது: கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை கொண்டுபோய்ச் சுத்திகரித்து, குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு அனுப்புகிறது சென்னைக் குடிநீர் வாரியம். ஏரித் தண்ணீரை உறிஞ்சாமல் கார் தயாரிக்க முடியும் என்று காட்டிய திட்டம் அது. ஆர்.ஓ. சவ்வு மருந்தைத் தடுத்துவிடும், அழித்துவிடாது. தடுக்கப்பட்டது ஒதுக்குநீரில் செறிந்து நிற்கும். ஆக, அந்த ஒதுக்குநீரில் என்ன இருக்கிறது, அது எங்கே போகிறது என்பதையும் கணக்கில் சேர்த்தால்தான் திட்டம் முழுமையாகும்.

அதைவிட எளிதாகத் தொடங்க ஏற்ற இடம் தொழிலாளர் விடுதிகள். மாநகரக் கழிவுநீரில் எந்த மருந்து யாரிடமிருந்து வந்தது என்று தெரியாது. விடுதியில் எத்தனை பேர், என்ன வயது, எத்தனை லிட்டர் என்பதெல்லாம் தெரியும். கழிவுநீர் ஒரே குழாயில் வருகிறது. அந்தக் குழாயின் முடிவில் ஓசோனோ கிளர்வூட்டிய கரியோ கொண்ட ஒரு கூடுதல் கட்டத்தை வைத்து, முன்னும் பின்னும் அளந்து பார்க்கலாம். சுவிட்சர்லாந்து 2016 முதல் தன் பெரிய நிலையங்களில் இதைச் சட்டப்படி சேர்த்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கழிவுநீர் உத்தரவு 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேற்பட்ட கழிவைக் கையாளும் நிலையங்கள் 2045க்குள் இந்தக் கூடுதல் கட்டத்தைச் சேர்க்க வேண்டும், செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்கிறது. அந்த நிறுவனங்கள் வழக்குப் போட்டிருக்கின்றன. அது வேறு கதை. இங்கே செலவை யார் ஏற்பது? விடுதியில் படுக்கைக்கு வாடகை கொடுக்கும் பெண் அல்ல. அவர் உழைப்பில் ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களும், மருந்தை விற்று லாபம் பார்க்கும் நிறுவனங்களும், சிப்காட்டும் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்குவது சிறிய வேலைதான். ஆனாலும் உடனே செய்யக்கூடியது. கேரளம் மருந்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து ‘என்-பிரவுட்’ என்ற பெயரில் 2019இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 2025இல் கோழிக்கோட்டில் வீடுகளிலிருந்தே சேகரிக்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக வீட்டுக்கு வீடு மாத்திரை போகிறது. கொடுக்கப்போகும் அதே ஊழியர், தேதி தாண்டியதை வாங்கிவர ஒரு பையைக் கூடுதலாகத் தூக்க வேண்டும், அதற்கான படியோடு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது ஓர் அடிப்படைக் கணக்கு. அடையாற்றைச் சீரமைக்க 1,500 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. சீரமைப்பு என்றால் தூர்வாருதலும் இருக்கும். தூர்வாரும்போது அள்ளிக் கொட்டப்போவது இதே சேறு. அள்ளுமுன் அதில் எந்தெந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எந்தெந்தப் புழு இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று பதிவுசெய்யாவிட்டால் பின்னால் யாராலும் செய்ய முடியாது. மலைப்பட்டில் ஒன்று, திருநீர்மலையில் ஒன்று, முகத்துவாரத்தையொட்டிய உடைந்த பாலத்துக்கு அருகே ஒன்று, முகத்துவாரத்துக்கு வெளியே கடலடியில் இரண்டு என்று ஐந்து இடங்கள் போதும் தொடங்குவதற்கு. மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை.

கருவிக்காக வெளியே போக வேண்டியதில்லை. நானோகிராமை அளக்கும் பொறியும் அனுபவமும் ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கின்றன, கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் அண்ணா பல்கலைக்கழகம், பள்ளிக்கரணையில் தேசிய கரையோர ஆராய்ச்சி மையம், புழுவை இனம்பிரித்துச் சொல்லப் பரங்கிப்பேட்டை. ஆணையிட வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகம் கிண்டியில். வரும் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் நீர் வடிந்ததும் முதல் மாதிரியை எடுத்துவிடலாம்.